வேளச்சேரிக்கு இந்த வாரம் மழை எப்படி?

கார்த்திகை பிறந்துவிட்டது. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, தரமணி வாசகர்களுடையவை. எல்லாமே மழையைப் பற்றித்தான். தண்டீஸ்வரம் பக்கத்தில் குடியிருப்பவள், பள்ளியில் புவியியல் நடத்தியவள் என்பதால் ஆசிரியர் குழு கட்டு முழுவதையும் என்னிடம் கொடுத்துவிட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கம் அச்சாகி உங்கள் வாசலில் வந்து விழுவதற்குள் நாலைந்து நாள் ஓடிவிடும். மழை நாலைந்து மணி நேரத்தில் மாறக்கூடியது. ஆகவே "செவ்வாய்க்கிழமை இத்தனை செ.மீ." என்று இங்கே எழுத மாட்டேன். அன்றன்றைய வானிலை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, அது நம் தெருவுக்கு என்ன சொல்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்க வழி சொல்கிறேன். பொதுவான நிலவரம் இதுதான்: சென்னைக்கு வருடம் முழுவதும் கிடைக்கும் மழை சுமார் 140 செ.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. நவம்பரில் மட்டும் 35 செ.மீ.க்கு மேல். அதாவது மழை இல்லாத வாரம் வந்தால்தான் இப்போது ஆச்சரியப்பட வேண்டும்.

கேள்வி: ஃபோனில் உள்ள ஆப் செவ்வாய்க்கிழமை 90 சதவீதம் மழை என்று காட்டியது. குடை, ரெயின்கோட் எல்லாம் எடுத்துக்கொண்டு ஆபீஸ் போனேன். ஒரு சொட்டு இல்லை. தாம்பரத்தில் இருக்கும் அக்கா வீட்டில் அன்று கொட்டித் தீர்த்ததாம். எதைத்தான் நம்புவது?
– ஐ.டி. ஊழியர், விஜயநகர்

ஆப் காட்டியது உங்கள் தெருவின் மழையை அல்ல. உலகம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காற்று, ஈரம், வெப்பம் எல்லாவற்றையும் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். பெரும்பாலான ஆப்கள் நம்பியிருக்கும் உலகக் கணிப்புகளில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 10 கி.மீ. நம் நாடு 2025 மே மாதம் தொடங்கிய பாரத் கணிப்பு முறையில் அதை 6 கி.மீ. ஆகக் குறைத்திருக்கிறார்கள். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் விஜயநகர் பஸ் நிலையமும் மடிப்பாக்கம் கூட்ரோடும் அதிலும் ஒரே கட்டத்துக்குள் விழ வாய்ப்பு இருக்கிறது. பருவமழைக்கால மேகம் ஒன்று இரண்டு மூன்று கி.மீ. அகலத்துக்குப் பொழிந்துவிட்டுப் போய்விடும். தாம்பரம் நமக்குப் பன்னிரண்டு பதின்மூன்று கி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே கொட்டி, இங்கே காய்வது சாதாரண விஷயம்.

அதற்காக ஆப்பைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு மூன்று நாள் முன்னால், "வாரத்தின் பின்பாதி ஈரமாக இருக்கும்" என்று தெரிந்துகொள்ள அது போதும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது பார்க்க வேண்டியது ரேடார். மழைமேகம் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டும் கருவி அது. சென்னைத் துறைமுகத்தில் 2002-லிருந்து ஒரு டாப்ளர் ரேடார் இருக்கிறது. நம் பள்ளிக்கரணையிலேயே, தேசியக் கடல் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் இன்னொன்று வைத்திருக்கிறார்கள். இரண்டின் படங்களும் வானிலை மையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கார்த்திகையில் மேகம் கடலிலிருந்து வரும். ஆகவே படத்தில் கிழக்கு, வடகிழக்குப் பக்கம் பாருங்கள். மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுகள் கரையை நோக்கி நகர்ந்தால், அடுத்த ஒரு மணி நேரத்தில் நமக்கு மழை. (ஆடி, ஆவணியில் இதையே திருப்பிப் போட்டு மேற்கே பார்க்க வேண்டும். அப்போது இடிமழை காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து சாயங்காலம் வரும்.)

தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான் போன்ற ஆர்வலர்கள் எழுதுவதையும் நான் தவறாமல் படிக்கிறேன். மணிக்கணக்கில் என்ன நடக்கிறது என்று புரியும்படி சொல்கிறார்கள். ஆனால் கடலுக்குப் போகலாமா, வீட்டைக் காலி செய்ய வேண்டுமா என்ற முடிவுக்கு வானிலை மையமும் மாவட்ட நிர்வாகமும் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். தேதியே இல்லாமல் வரும் ஃபார்வர்டுகளைத் திறந்துகூடப் பார்க்காதீர்கள். 2015 வெள்ளத்தின்போது நாசா சொன்னதாக ஒரு பொய்ச் செய்தி சுற்றியது. தண்ணீருக்கு நடுவில் இருந்த வயதானவர்கள் அதைப் படித்துவிட்டு நடுங்கிப் போனார்கள். அப்படி ஒன்றை அனுப்புகிறவர் யாராக இருந்தாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும், கண்டியுங்கள்.

கேள்வி: டிவியில் "ஓரிரு இடங்களில்", "ஒருசில இடங்களில்" என்கிறார்கள். மஞ்சள், ஆரஞ்சு என்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது நாளைக்கு ஆட்டோ எடுக்கலாமா, வேண்டாமா என்பதுதான்.
– ஆட்டோ ஓட்டுநர், தரமணி

அண்ணா, உங்கள் கேள்விதான் சரியான கேள்வி. மையம் அந்தச் சொற்களைக் கணக்கு வைத்துத்தான் பயன்படுத்துகிறது. மழை அளக்கும் நிலையங்களில் கால் பங்குக்குள் மழை பதிவாகும் என்றால் ஓரிரு இடங்கள். கால் பங்கிலிருந்து பாதி வரை ஒருசில இடங்கள். பாதியிலிருந்து முக்கால் வரை அநேக இடங்கள். அதற்கு மேல் பெரும்பாலான இடங்கள். "ஓரிரு இடங்களில் கனமழை" என்றால் உங்கள் சவாரிக்குத் தடை வர வாய்ப்பு குறைவு. "அநேக இடங்களில் மழை, ஓரிரு இடங்களில் மிக கனமழை" என்றால் அன்றைக்கு ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் நீண்ட சவாரி ஏற்காமல் இருப்பது நல்லது.

அளவுகளையும் சொல்கிறேன். ஒரு நாளில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கும் மேலே அதி கனமழை. மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்குங்கள். வானிலைக்காரர்களின் ஒரு நாள் என்பது காலை 8.30-லிருந்து மறுநாள் காலை 8.30 வரை. ராத்திரி பெய்த மழை மறுநாள் அறிக்கையில்தான் வரும். "நேற்று இவ்வளவு மழை, ஒன்றுமே சொல்லவில்லையே" என்று சிலர் கோபப்படுவது இதனால்தான்.

நம் ஏரியாக்காரர்கள் பலர் செய்யாத ஒரு காரியம் இருக்கிறது. அதை நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டும். சென்னை மாவட்டத்துக்கு என்ன நிறம் என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். செங்கல்பட்டு மாவட்டத்துக்கு என்ன நிறம் என்றும் பாருங்கள். தாம்பரம், சேலையூர், செம்பாக்கம் எல்லாம் அந்த மாவட்டம். அங்கே விழுகிற தண்ணீர் ஏரி ஏரியாக இறங்கி நம் பக்கம்தான் வருகிறது. சென்னைக்கு மஞ்சள், செங்கல்பட்டுக்கு ஆரஞ்சு என்று இருந்தால் வேளச்சேரிக்கு ஆரஞ்சு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் வைத்துக்கொள்கிறேன்.

மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, "அடுத்த சில மணி நேரத்தில் இந்த மாவட்டங்களில் மழை" என்று மையம் அறிவிக்கிறது. ஸ்டாண்டில் ஒருவர் ஃபோனில் பார்த்து மற்றவர்களுக்குச் சொன்னால் போதும்.

கேள்வி: ஒவ்வொரு வருடமும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தாலே வீட்டில் தூக்கம் போய்விடுகிறது. தரைத்தளத்தில் இருக்கிறோம். அந்தத் தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் எங்களுக்கு வரும்?
– இல்லத்தரசி, ஏ.ஜி.எஸ். காலனி, வேளச்சேரி

வராது, அம்மா. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேர்ந்து, அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று போய்க் கடலில் கலக்கிறது. ஏரியின் முழு மட்டம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அந்த எண்களை அடையாற்றங்கரையில் இருப்பவர்கள் கண் கொட்டாமல் பார்க்க வேண்டும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு.

உங்களுக்குத் தண்ணீர் வரும் வழி தெற்கிலும் மேற்கிலும் இருக்கிறது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், மடிப்பாக்கம், ஆதம்பாக்கம், வேளச்சேரி. இந்த ஏரிகள் எல்லாம் நிறைந்தால் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத்தான் வழிய வேண்டும். அப்படித்தான் அவற்றை முன்னோர் வெட்டி இணைத்தார்கள். ஆதம்பாக்கம், வேளச்சேரிப் பக்கத்துத் தண்ணீரைச் சதுப்புக்குக் கொண்டுபோவது வீராங்கல் ஓடை. இருநூறு சதுர கி.மீ.க்கும் அதிகமான நிலத்தின் மழை ஒரு தாம்பாளத்தின் நடுவில் வந்து சேர்வதுபோல அந்தச் சதுப்பில் சேர்கிறது. வேளச்சேரி அந்தத் தாம்பாளத்தின் விளிம்போரத்தில், பள்ளமான பக்கத்தில் இருக்கிறது.

2022-இல் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமல்ல. பூநாரைகளும் கூழைக்கடாக்களும் வரும் இடம் என்பதற்காக மட்டும் இல்லை. அந்தச் சதுப்பு சுருங்கச் சுருங்க நம் வீட்டு மட்டம் உயர்ந்து காட்டாது, தண்ணீர் மட்டம்தான் உயரும். அதில் ஒரு லாரி கட்டடக் கழிவைக் கொட்டுகிறவர் நம் கூடத்தில் ஒரு லாரி தண்ணீரைக் கொட்டுகிறார்.

ஆகவே இந்த வாரம் நீங்கள் கவனிக்க வேண்டியது, தாம்பரம் பக்கம் எத்தனை செ.மீ. பெய்தது, கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் நிறைந்துவிட்டனவா என்பது. பருவத்தின் தொடக்கத்தில், ஏரிகள் பாதி காலியாக இருக்கும்போது, 12 செ.மீ. பெய்தாலும் மேலே இருக்கும் ஏரிகள் வாங்கிக்கொள்ளும். கார்த்திகையில், ஏரிகள் தளும்பி நிற்கும்போது, அதே 12 செ.மீ. நேராக நம் தெருவுக்கு வரும். வானிலை அறிக்கையில் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் இருக்கும். தெருவில் ஒரே மாதிரி இருக்காது.

கேள்வி: 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றார்கள். எல்லோரும் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை நிறுத்தினோம். கடைசியில் மழையே இல்லை. வீணாகப் பயமுறுத்துகிறார்கள் என்று எங்கள் அபார்ட்மென்ட் குழுவில் பெரிய விவாதம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– அபார்ட்மென்ட் சங்கச் செயலர், வேளச்சேரி

காரை மேலே ஏற்றியது சரி என்கிறேன். இந்த வாரம் ரெட் அலர்ட் வந்தாலும் ஏற்றுங்கள்.

அன்றைக்கு நடந்ததைப் பாருங்கள். வங்கக் கடலில் இருந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் 17-ஆம் தேதி அதிகாலை சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்தது. மழை மொத்தமாகப் பொய்க்கவில்லை. அதற்கு முந்தைய நாட்களில் வடசென்னையிலும் செங்குன்றம், சோழவரம் பக்கத்திலும் பலத்த மழை கொட்டியது. தெற்கே இருந்த நமக்கு அந்த அளவுக்கு இல்லை. நம்முடையது கடற்கரை ஊர். மழைமேகக் கூட்டம் ஐம்பது கி.மீ. தள்ளி நின்றால் அத்தனையும் கடலிலேயே கொட்டிவிட்டுப் போய்விடும். அந்த ஐம்பது கி.மீ.யை இரண்டு நாள் முன்னால் துல்லியமாகச் சொல்லும் அறிவியல் இன்னும் எந்த நாட்டிலும் வரவில்லை.

பெயர் வைத்த புயலா, எங்கே கரையைக் கடக்கும் என்பதைத்தான் நம் குழுக்களில் பேசிக்கொண்டே இருக்கிறோம். மணிக்கு 62 கி.மீ. வேகக் காற்று வந்தால் பெயர் வைப்பார்கள். பெயர் காற்றுக்கு, மழைக்கு அல்ல. நம் ஏரியாவின் அனுபவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழைக்குப் பெயரே கிடையாது. மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவானது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா சென்னையிலேயே கரையைக் கடந்தது. மரங்களை வேரோடு சாய்த்தது, ஆனால் முந்தைய வருட வெள்ளம் போல எதுவும் இல்லை. 2023-இல் மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே, இங்கிருந்து சுமார் 300 கி.மீ. வடக்கே. அதற்கு முன் சென்னைக்கு ஏறத்தாழ நூறு கி.மீ. தூரத்தில், கடலில், மெதுவாக நகர்ந்துகொண்டு நம் மேல் மேகத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தது. டிசம்பர் 3, 4 இரண்டு நாளிலும் நம் தெருக்களில் என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்துக் குடும்பங்கள் எல்லாம் மாடி வீடுகளில்தான் இருந்தன. பால் பவுடரைப் பங்கு போட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தோம். மின்சாரம் வர நாட்கள் ஆயின.

ஆகவே புயல் செய்தி வந்தால் நான் முதலில் தேடுவது அதன் வேகத்தை. மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் நகர்ந்தால் சீக்கிரம் கடந்துபோகும். ஐந்து, ஆறு கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால், அல்லது "அதே இடத்தில் நிலைகொண்டுள்ளது" என்று அறிக்கை சொன்னால், சம்ப் மூடியை இறுக்குங்கள், மோட்டாரைக் கழற்றி மேலே வையுங்கள், லிஃப்டை மேல் தளத்தில் நிறுத்தி மெயினை அணையுங்கள்.

செயலர் சார், ஒரு வேண்டுகோள். கார் வைத்திருப்பவர்களுக்கு மேம்பாலம் இருக்கிறது. உங்கள் வாட்ச்மேனும் அவர் குடும்பமும் தரைத்தளத்து அறையில் இருக்கிறார்கள். அவர்கள் எந்த வீட்டில், எந்த அறையில் தங்குவார்கள் என்பதை இந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். தண்ணீர் வந்த ராத்திரியில் கதவைத் தட்டி இடம் கேட்கும் நிலையில் அவர்களை வைக்காதீர்கள்.

கேள்வி: மழை நின்று வெயில் அடித்தாலும் எங்கள் தெருவில் மட்டும் இரண்டு மூன்று நாள் தண்ணீர் இறங்குவதில்லை. வடிகால் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் என்ன கோளாறு?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ராம் நகர், மடிப்பாக்கம்

வடிகால் தண்ணீரைச் சதுப்பு வரைதான் கொண்டுபோகும். சதுப்பிலிருந்து அது ஒக்கியம் மடுவு வழியாக ஓ.எம்.ஆரைக் கடந்து, பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே முட்டுக்காடு முகத்துவாரம் வரை போய்த்தான் கடலைத் தொட வேண்டும். நம் வீட்டிலிருந்து கிழக்கே பார்த்தால் கடல் ஐந்தாறு கி.மீ. தூரம்தான். ஆனால் தண்ணீர் போகும் பாதை அதைப் போல் பல மடங்கு நீளம், சரிவும் மிகக் குறைவு.

கடைசியில் கடலும் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். கடல் மட்டம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் அதிகம், சென்னைக் கரையில் ஒரு மீட்டரை ஒட்டி. இந்த ஏற்றத்தைத்தான் ஓதம் என்கிறோம். ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் முகத்துவாரத்தில் வெளியேற்றம் தடைபடும். புயல் நேரத்தில் கடலே கொந்தளித்துக் கரையை நோக்கித் தள்ளுவதால் இன்னும் மோசம். முகத்துவாரத்தில் மணல் திட்டு மூடியிருந்தாலும் அதே கதை.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சுவரில் மாட்டியிருக்கும் தேதி காலண்டரைப் பாருங்கள். கனமழை எச்சரிக்கை வரும் நாளும் அமாவாசையோ பௌர்ணமியோ இரண்டு மூன்று நாளுக்குள் சேர்ந்து வந்தால், தண்ணீர் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒரு நாள் நிற்கும் என்று எதிர்பார்த்து மருந்து, குடிநீர் கேன், அரிசி வாங்கி வையுங்கள். கார்த்திகைத் தீபம் எப்போதும் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: டீச்சர், தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று ஆயா சொல்கிறார்கள். அது உண்மையா? நாளைக்கு ஸ்கூல் லீவு விடுவார்களா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?
– எட்டாம் வகுப்பு மாணவன், பள்ளிக்கரணை

ஆயா சொல்வதை நோட்டில் எழுதி வை. "அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அச்சாரம்" என்றும் ஒன்று உண்டு, அதையும் கேட்டுப் பார். காற்றில் ஈரம் ஏறும்போது பூச்சிகளின் நடமாட்டம் மாறுவதை நம் முன்னோர் கூர்ந்து பார்த்துச் சொன்னவை இவை. ஆனால் தட்டான் சொல்வது இன்றைக்கான செய்தி. அடுத்த வியாழக்கிழமையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

லீவு விடுவது வானிலை மையம் அல்ல, மாவட்ட ஆட்சியர். ரமணன் சார் டிவியில் வந்தாலே லீவு என்று உன் அண்ணன், அக்காமார் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாவம், அவர் சொன்னது மழையை மட்டும்தான்.

நீ ஒரு காரியம் செய். பக்கங்கள் நேராக இருக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடு. அடிப்பாகமும் வாயும் ஒரே அகலம் இருக்க வேண்டும். மொட்டை மாடியில், சுவரும் தண்ணீர்த் தொட்டியும் மறைக்காத இடத்தில் வைத்து, காற்றில் சாயாமல் இரண்டு செங்கல்லால் அணைகொடு. தினமும் காலை 8.30-க்கு ஸ்கேலை விட்டு அளந்து எழுது. பிறகு நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் அளவுகளோடு ஒப்பிட்டுப் பார். செய்தியில் "சென்னையில் 5 செ.மீ." என்றால் அது பெரும்பாலும் நுங்கம்பாக்கத்தின் கணக்கு. உன் டப்பாவில் 2 இருக்கலாம், 9 இருக்கலாம். மழைக்காலம் முடிந்ததும் அந்த நோட்டை எனக்குக் காட்டு. பள்ளிக்கரணையின் மழையைப் பள்ளிக்கரணையிலேயே இருந்து எழுதியவனிடம் நான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் மருமகளுக்கு வளைகாப்பு. காலையில் வைக்கலாமா, மாலையிலா?
– வாசகி, தரமணி

கடற்கரை ஊர்களில் இந்தப் பருவத்து மழை பின்னிரவிலிருந்து காலை வரை வலுப்பதுதான் வழக்கம். ராத்திரியில் நிலத்திலிருந்து வீசும் குளிர்ந்த காற்றும் கடலிலிருந்து வரும் வாடைக்காற்றும் கரையோரம் மோதி மேகத்தைக் கிளப்பிவிடும். வெயில் ஏறியதும் பல நாட்களில் தணிந்துவிடும். ஆகவே முற்பகல் 11 மணிக்கு மேல் வையுங்கள். கடலில் தாழ்வு மண்டலம் இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, கூடத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிப் பெண்ணை ஈரமான மாடிப்படியில் ஏற்றாமல் இருப்பதே நல்லது. மருமகளுக்கு என் ஆசிகள்.

கேள்வி: எனக்கு பட்டன் ஃபோன்தான். நாலு வீட்டில் வேலை செய்கிறேன். ஓடைக்கரை ஓரம் வீடு. ஆப், ரேடார் எல்லாம் நமக்கு ஆகாது. ராத்திரி தண்ணீர் வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது அம்மா?
– வேளச்சேரி (வேலை செய்யும் வீட்டில் எழுதித் தரச் சொல்லி அனுப்பியது)

இந்தப் பக்கத்தில் எழுதியவை எல்லாவற்றையும்விட உங்களுக்கான பதில்தான் எனக்கு முக்கியம்.

பட்டன் ஃபோனிலிருந்து 1913 அடித்தால் மாநகராட்சி. 1070 மாநிலப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை, 1077 மாவட்டத்தினுடையது. எல்லாம் இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். "எங்கள் வார்டுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம்?" என்று மழை வருவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கம்பி அறுந்து கிடந்தாலோ ஈ.பி. பெட்டியில் தண்ணீர் ஏறினாலோ பக்கத்தில் போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். ரேடியோ இருந்தால் ஆகாசவாணிச் செய்தியின் முடிவில் வானிலை சொல்வார்கள்.

ராத்திரிக்கு ஒரு வழி: சாயங்காலம் ஓடையில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று சுவரிலோ கல்லிலோ செங்கல் துண்டால் கோடு போடுங்கள். படுக்கப் போகும்முன் ஒருமுறை பாருங்கள். உங்கள் பக்கம் மழையே இல்லாமல் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் மேலே இருக்கும் ஏரி வழிகிறது என்று அர்த்தம். அப்போது விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் சான்றிதழ், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டி இன்றைக்கே பரணில் வையுங்கள்.

நீங்கள் வேலை செய்யும் நாலு வீட்டுக்காரர்களுக்கும் நான் சொல்வது: ஆரஞ்சு, சிவப்பு நாட்களில் "இன்றைக்கு வர வேண்டாம், சம்பளம் பிடிக்க மாட்டோம்" என்று முந்தின நாளே ஃபோன் செய்து சொல்லுங்கள். அவர் வீட்டில் பொருளை மேலே ஏற்றி வைக்க வேண்டிய காலை நேரத்தில் உங்கள் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

கேள்வி: இவ்வளவு மழை பெய்தும் மே மாதம் லாரித் தண்ணீர் வாங்குகிறோமே?
– வாசகர், மடிப்பாக்கம்

கணக்கைப் பார்த்தால் உங்களுக்கும் மனம் ஆறாது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் அரை கிரவுண்டு மாடி, 1,200 சதுர அடி என்றால், ஒரே நாளில் பெய்யும் 10 செ.மீ. மழை சுமார் 11,000 லிட்டர். கிட்டத்தட்ட ஒரு பெரிய லாரி. அதை நாம் குழாய் வழியாகத் தெருவில் விட்டு, தெருவில் நிற்கிறதே என்று மாநகராட்சிக்குப் புகார் செய்கிறோம். 2003-லேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொல்லிவிட்டது. குழாயும் குழியும் பெரும்பாலான வீடுகளில் இருக்கின்றன. குழிக்குள் மண்ணும் இலையும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. 2019 கோடையில் குடத்தோடு வரிசையில் நின்ற தெரு நம்முடையது. இந்த வாரம் மழை இடைவெளி விடும் ஒரு காலையில் மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் வலை கட்டி, குழியில் இருக்கும் கூழாங்கல்லையும் மணலையும் எடுத்து அலசிப் போடுங்கள். ஒரு ஆள் வைத்தால் அரை நாள் வேலை.